தியோடர் ஹோவர்ட் சோமர்வெல்

தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் (ஏப்ரல் 16, 1890 - சனவரி 23, 1975) இங்கிலாந்தைச் சேர்ந்த அறுவை மருத்துவரும் மலையேறுநரும் ஆவார். 1922, 1924 ஆம் ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்குகொண்டவராகவே உலகில் பெரிதும் அறியப்படுகிறார். ஆயினும் அவரது மருத்துவ வாழ்வின் பெரும்பகுதி, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூரில் கழிந்தது. இரைப்பை அமிலத்தால் முற்றும் குடற்புண்களுக்கான அறுவை மருத்துவம் அங்கு அவரது முதன்மைப் பணிகளுள் ஒன்றாயிற்று.

இளமையும் மலையேற்றமும்

கெண்டல் நகரில் காலணி தயாரிக்கும் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜிலும் இலண்டனிலும் பயின்று, முதல் உலகப்போரில் படை மருத்துவராகப் பணியாற்றினார். 1922 இல் மல்லோரி, நார்ட்டன் ஆகியோருடன் செயற்கை ஆக்சிசன் இன்றி எவரெஸ்ட்டில் 8,200 மீட்டருக்கும் மேல் ஏறினார். அதே பயணத்தில் பனிச்சரிவில் சிக்கிச் சுமைதூக்குவோர் எழுவர் இறந்தனர்.

பயணத்திற்குப் பின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில், அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நெய்யூருக்கு வந்தார். அங்கு இலண்டன் மிஷனரி சங்க மருத்துவமனையில் திரளான நோயாளிகளுக்குத் தகுதிபெற்ற அறுவை மருத்துவர் ஒருவரே இருந்தார். இலண்டனில் கிடைக்கவிருந்த உயர்பதவியைத் துறந்து நெய்யூரிலேயே பணிபுரிய முடிவுசெய்தார்.

குடற்புண் அறுவை

தென்திருவிதாங்கூரில் முன்சிறுகுடல் புண் மிகப் பரவலாக இருந்தது. நாட்டு வைத்தியம் குன்மம் என்று குறிக்கும் நோய்களுள் இதுவும் அடங்கும். நோய் முற்றினால் இரைப்பையின் வாயில் சுருங்கி, உண்டதெல்லாம் வாந்தியாகிவிடும். இரைப்பையை நடுச்சிறுகுடலுடன் நேரே இணைத்து உணவுக்கு மாற்றுவழி அமைப்பதே சோமர்வெல் பெரிதும் செய்த அறுவையாகும். நோய்க்கு உணவுப் பழக்கத்தையே முதன்மைக் காரணமாகக் கருதினார். 1945 இல், இரைப்பைக்குச் செல்லும் தமனிகளைக் கட்டி அமிலச் சுரப்பைக் குறைக்கும் முறையொன்றை வெளியிட்டார். அம்முறை நிலைபெறவில்லை.

அமிலம் சுரக்கும் விதம்

இரைப்பைச் சுவரின் அமிலச் செல்களுக்கு மூன்று வேதித் தூதுகள் வந்து சேர்கின்றன. உணவின் மணத்தையும் சுவையையும் உணர்ந்ததும் வேகசு நரம்பு தூண்டப்பட்டு, அதன் வழியே அசிட்டைல்கோலின் வெளிப்படுகிறது. உணவு வந்தடைந்ததும் இரைப்பையின் கீழ்ப்பகுதி கேசுட்ரின் என்னும் இயக்குநீரைக் குருதியில் விடுகிறது. அது பெரும்பாலும் அருகிலுள்ள வேறுவகைச் செல்களைத் தூண்டி இசுட்டமினை வெளிவிடச் செய்கிறது. இத்தூதுகளால் அமிலச் செல்லின் நீரேற்றி போன்ற நொதி ஐதரசன் அயனிகளை வெளித்தள்ளுகிறது. அமிலம் மிகும்போது சோமட்டோசுட்டேட்டின் சுரந்து, கேசுட்ரினையும் இசுட்டமினையும் அடக்குகிறது.

இசுட்டமின் அமிலத்தைத் தூண்டுவது 1920 இலேயே வெளியிடப்பட்டிருந்தும், அதைத் தடுக்கும் மருந்து இல்லாததால் கத்தியே வழியாக இருந்தது. 1943 இல் அமெரிக்காவில் டிராக்சுடெட் தொடங்கிய வேகசு நரம்பு அறுவை, ஒரு தூதை மட்டும் துண்டிப்பதாகும். தமனியைக் கட்டுவதைவிட அது நெடுங்காலம் வழக்கில் நின்றதில் வியப்பில்லை.

பிற்காலம்

1949 முதல் 1961 வரை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். தாயகம் திரும்பியபின் ஆல்பைன் கழகத்தின் தலைவராக இருந்து, ஆம்பிள்சைடில் காலமானார். இசுட்டமினின் தூதைத் தடுக்கும் சிமெட்டிடின் மாத்திரை 1976 இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. 1982 இல் ஆத்திரேலியாவில் வாரனும் மார்சலும் எலிக்கோபாக்டர் பைலோரி பாக்டீரியாவை வளர்த்துக் காட்டினர். அது சோமட்டோசுட்டேட்டினைக் குறைத்து, கேசுட்ரினைக் கட்டின்றிப் பெருகவிடுவதே முன்சிறுகுடல் புண்கள் பலவற்றிற்குக் காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது.