இடம்பெயர்ந்த சிறுவன் வரைந்த மொறிஸ் மைனர்

பெரியப்பாவின் 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனரைத் திருத்த ஒரு நல்ல கராஜ் தேடி மூன்று மாதம் அலைந்தேன். அந்த அலைச்சலுக்கு நடுவேதான் இந்தக் காரை வடிவமைத்தவர் யாரென்று வாசிக்கத் தொடங்கினேன். அவர் பெயர் அலெக் இசிகொனிஸ். யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரைத் தெரியாதவர் இல்லை. ஆனால் இசிகொனிஸைத் தெரிந்த ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

அவர் 1906இல், ஒட்டோமன் ஆட்சியில் இருந்த ஸ்மிர்னா என்ற துறைமுக நகரில் பிறந்தார். இன்று அது துருக்கியின் இஸ்மிர். தந்தை பிரித்தானியக் குடியுரிமை பெற்ற கிரேக்கர், தாய் ஜேர்மனியின் பவேரியாவைச் சேர்ந்தவர். குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு பொறியியல் பட்டறை இருந்தது. இரும்பு அடிக்கும் சத்தத்துக்குள்தான் பிள்ளை வளர்ந்தது.

1922 செப்ரெம்பரில் கிரேக்கப் படை பின்வாங்க, துருக்கியப் படை நகரை நெருங்கியது. பிரித்தானியப் பிரஜைகளைக் கடற்படை ஏற்றிச் சென்றது. இசிகொனிஸ் குடும்பமும் மோல்ட்டாவுக்குப் போனது. சில நாட்களில் ஸ்மிர்னா எரிந்தது. கப்பலில் இடம் கிடைக்காத பெருந்தொகையான மக்கள், பின்னால் நெருப்பும் முன்னால் கடலுமாக இறங்குதுறையில் நின்றார்கள். வீடும் பட்டறையும் போய்விட்டன. தந்தை அதன்பின் அதிக காலம் உயிரோடு இருக்கவில்லை. அப்போது பையனுக்கு 15 வயது. அடுத்த ஆண்டு தாயும் மகனும் மட்டும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள்.

இதை வாசித்தபோது என் நினைவுக்கு வந்தது 1995 ஒக்ரோபர் 30. அன்றிரவு நான் கைக்குழந்தை. இதே காரில்தான் எங்கள் வீட்டார் நாவற்குழிப் பக்கம் ஊர்ந்து போனார்களாம். கார் ஓடியது மண்ணெண்ணெயில். பொருளாதாரத் தடையால் பெற்றோல் பொன்னாக இருந்த காலம் அது. சிறு போத்திலில் வைத்திருந்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புதிய யப்பான் கார்கள் அதற்கு ஒத்துவராமல் கொட்டிலுக்குள் கிடக்க, ஒஸ்ரினும் மொறிஸும் ஓடின. பழைய எஞ்சின்களில் அழுத்த விகிதம் குறைவு, மட்டமான எரிபொருளையும் அவை தாங்கும். காரணம் அவ்வளவுதான்.

இசிகொனிஸ் லண்டன் பற்றர்சி பொலிரெக்னிக்கில் பொறியியல் படித்தார். கணிதப் பரீட்சையில் மூன்று தடவை தோற்றார். ஆனால் கை நன்றாக வரையும். பழைய ஒஸ்ரின் செவன் ஒன்றை மாற்றியமைத்துப் பந்தயம் ஓடினார். பிறகு நண்பர் ஜோர்ஜ் டவ்சனுடன் சேர்ந்து, பலகையும் அலுமினியமும் ரப்பரும் கொண்டு, ஒரு சிறு பந்தயக் காரையே கையால் செய்தார். வீட்டுக் கராஜில், ஓய்வு நேரத்தில், சில ஆண்டுகள் எடுத்த வேலை அது. காரைத் தொட்டுப் பார்த்தே படித்த மனிதர்.

1936இல் மொறிஸ் கம்பனியில் சேர்ந்தார். போர்க்காலத்திலேயே மைனரின் வேலை தொடங்கிவிட்டது. மாதிரிக் கார் தயாரான பிறகு, அது ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குப் பட்டது. அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, துண்டுகளை விலக்கி விலக்கிப் பார்த்து, 4 அங்குலம் கூட்டினார். பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த வெட்டின் அடையாளம். கம்பனி உரிமையாளர் நஃபீல்ட் பிரபுவுக்கு இந்தக் கார் பிடிக்கவே இல்லை, அவித்த முட்டையோடு ஒப்பிட்டு இகழ்ந்தார். 1948இல் சந்தைக்கு வந்தது. 1961க்குள் பத்து இலட்சம் கார்கள் செய்தாகிவிட்டன. அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் பிரித்தானியக் கார் மொறிஸ் மைனர்தான்.

இனி என் கதை. முதலில் போன கராஜில் துருவுக்கு மேல் புட்டி பூசி, பெயின்ற் அடித்து, இரண்டு கிழமையில் தருவதாகச் சொன்னார்கள். நானும் சம்மதித்திருப்பேன், பெரியப்பாதான் மறித்தார். இரண்டாவது இடத்தில் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு யப்பான் எஞ்சின் பூட்டச் சொன்னார்கள். மூன்றாவது, கோண்டாவில் பக்கம் தகரக் கொட்டில் ஒன்று. அங்கிருந்த ஐயா பெயின்ற்றைப் பற்றிக் கதைக்கவே இல்லை. காரை ஜக்கில் ஏற்றி, ஒரு ஸ்குறூ டிறைவரால் அடித்தகட்டைக் குத்திக்கொண்டே போனார். நான்கு இடத்தில் அது உள்ளே போனது. மைனருக்குத் தனியாகச் சேஸி இல்லை, பொடியே பாரத்தைத் தாங்குகிறது. அதனால் தரைத்தகடு உக்கினால் கார் உக்கியது என்றுதான் அர்த்தம். அடுத்து, முன்சில்லின் கீழ் மூட்டுக்கு எப்போது கிறீஸ் அடித்தது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அது தேய்ந்து கழன்றால் ஓட்டத்திலேயே சில்லு மடிந்துவிடும். இசிகொனிஸின் பெயரைச் சொல்லி யாராவது குறை பிடிப்பதென்றால் இந்த மூட்டில் பிடிக்கலாம். அந்தக் கேள்வியோடு நான் தேடுவதை நிறுத்தினேன்.

உதிரிப்பாகம் பெரிய தலையிடிதான். ஆனாலும் ஒரு வேடிக்கை. 1990களில், நாங்கள் மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருந்தபோது, இதே தீவின் தெற்கில் ஒரு பட்டறை மைனருக்கான தகட்டுப் பாகங்களைச் செய்து, இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வெயர் நடத்திய மொறிஸ் மைனர் நிலையத்துக்கு அனுப்பியது. அவற்றில் ஒன்றுகூட அப்போது ஆனையிறவைத் தாண்டி எங்களிடம் வந்திருக்காது.

இசிகொனிஸ் 1959இல் மினியையும் கொடுத்தார். எஞ்சினைக் குறுக்கே வைத்து, சின்னச் சில்லுப் பூட்டி, நான்கு பேர் இருக்கக்கூடிய கார். ஜோன் கூப்பர் அதை வேகக் காராக்க, 1964, 1965, 1967 ஆண்டுகளில் மொன்ரே கார்லோ ஓட்டத்தில் வென்றது. 1969இல் சேர் பட்டம் கிடைத்தது. ஆனால் கம்பனி கைமாறிய பிறகு அவரை ஓரத்தில் வைத்துவிட்டார்கள். திருமணம் செய்யவில்லை. ஸ்மிர்னாவிலிருந்து கூட வந்த தாயுடனேயே, 1972இல் அவர் இறக்கும்வரை வாழ்ந்தார். 1988இல் பேர்மிங்ஹாமில் காலமானார்.

போன கிழமை கொட்டிலுக்குப் போனபோது பொனற் கழற்றிச் சுவரோடு சாத்தியிருந்தது. நடுப்பட்டியைக் காட்டி 4 அங்குலக் கதையை ஐயாவுக்குச் சொன்னேன். அவர் விரலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, தரைத்தகட்டுக்கு நல்ல கனத்தில் தகடு வாங்கி வரச் சொன்னார்.