நாற்பத்தேழு வயதில் நாவலாசிரியரான வழக்கறிஞர்

நாவல் என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம் தாம்பரம் வட்டாரத்து ஜமாஅத்துகளிலும் உண்டு. தமிழின் இரண்டாவது நாவலெனப் பலராலும் கருதப்படுவதை எழுதியவர் ஒரு முஸ்லிம் பெருமகனார் என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

மர்ஹூம் எம்.சி. சித்திலெப்பை 1838இல் இலங்கையின் கண்டி நகரில் பிறந்தவர். தந்தையாரைப் போலவே வழக்கறிஞரானார். சில காலம் நீதிபதியாகவும் விளங்கினார். வருவாய்க்கும் மதிப்புக்கும் குறைவில்லை. எனினும், ஆங்கிலக் கல்வியை அஞ்சி ஒதுங்கிய சமுதாயம் பின்தங்கி நிற்பது அவர் மனத்தை உறுத்தியது. 1882இல், நாற்பத்து நான்காம் வயதில், 'முஸ்லிம் நேசன்' என்னும் தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார்.

கட்டுரை எழுதுவது வழக்கறிஞருக்கு அரிதன்று; கதை புனைவது அப்படியா? 1879இல் வெளிவந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' தவிர, பின்பற்றத் தக்க தமிழ் நாவல் அப்போது வேறில்லை. அந்நிலையில் 1885இல் அவரது 'அசன்பேயுடைய கதை' வெளியாயிற்று. எகிப்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கடத்தப்பட்டு, பம்பாயில் வளர்ந்து, பின்னர் தாயகம் திரும்பும் இளைஞனின் வரலாறு அது. கட்டுரைகளைப் புரட்டிவிட்டு மூடுவோரும் கதையை இறுதிவரை படிப்பரல்லவா?

1892இல் கொழும்பில் அவர் முன்னின்று நிறுவிய பாடசாலையே பிற்காலத்தில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. 1898இல் அவர் மறைந்தார்.