பொகவந்தலாவைக் கல்லறை

கோல்புறூக்–கமரன் சீர்திருத்தங்களை மனனம் செய்து பரீட்சை எழுதினோம். அந்தக் கமரனும் அவருடைய மனைவி ஜூலியாவும் நம் பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள் என்று அன்று நமக்குத் தெரியாது.

சார்ள்ஸ் ஹே கமரன் தாய்வழியில் ஸ்கொட்லாந்தின் எரோல் பிரபு குடும்பத்தவர். கல்கத்தாவில் பிறந்த ஜூலியாவை 1836இல் தென்னாபிரிக்காவின் கேப்பில் சந்தித்தார். இருவரும் உடல்நலம் தேறப் போனவர்கள். (எங்கள் வைத்தியத் தொழில் மருந்தைவிடக் காற்று மாற்றத்தை நம்பிய காலம்!) 1838இல் மணந்தார்கள். மாப்பிள்ளைக்கு இருபது வயது அதிகம்.

கமரனின் பணம் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் கரைந்தது. ஜூலியா சளைக்கவில்லை. 1863இல், 48 வயதில், மகள் தந்த கமராவைக் கையிலெடுத்தார். கோழிக்கூண்டைப் படப்பிடிப்புக் கூடமாக்கினார். மருந்துக்கறை படிந்த கைகளோடு விருந்தினரை வரவேற்றார். வெள்ளைத்தாடிக் கணவரையும் விடாமல் கமரா முன் உட்கார வைத்தார். இன்று அவர் உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர்.

1875இல் சவப்பெட்டிகளும் ஒரு பசுவுமாகக் கப்பலேறி இங்கு வந்தார்கள். கோப்பியை இலைநோய் தின்றுகொண்டிருந்தது. 1879 ஜனவரி 26இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கெயான் தோட்டத்தில் ஜூலியா இறந்தார், மறுவருடம் கமரன்.

இலங்கையில் அவர் படமெடுத்த தொழிலாளர்கள் பலருக்குப் பெயரே குறிக்கப்படவில்லை. அந்தப் படங்களில் நம் பூட்டிமாரின் சாயலைத் தேடிக்கொண்டே இருக்கிறோம்.