ஆழ்கடல் மூச்சை ஆராய்ந்த அறிஞர் ஹால்டேன்

விடுமுறைக் காலத்தில் தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் முதலிய தீவுகளுக்குச் சென்று வந்தோர், முதுகில் காற்றுத் தோம்பைச் சுமந்து, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு கடலுள் இறங்கும் முக்குளிப்போரைக் கண்டிருப்பர். நீருக்கடியில் அவர் எவ்வாறு மூச்சு விடுகின்றார் என நம் பள்ளிச் சிறார் பலமுறை வினவியுள்ளனர். அவ்வினாவிற்கு ஒரு பெரியாரின் வாழ்க்கையைச் சொல்லியே விடையளிக்க விழைகின்றோம். ஆங்கில நாட்டிற் பிறந்து, பாரத நாட்டின் குடிமகனாக மறைந்த ஜே. பி. எஸ். ஹால்டேன் என்பாரே அவர்.

அன்னார் 1892-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரிற் பிறந்தார். தந்தையார் ஜான் ஸ்காட் ஹால்டேன், சுரங்கத் தொழிலாளர் நச்சுக்காற்றால் மடிவதன் காரணத்தை ஆராய்ந்த மேதை. 1960-இல் மூடப்பட்ட பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த நம்மவரின் வழித்தோன்றல்கள், அவ்வாராய்ச்சியின் அருமையை நன்குணர்வர். தந்தையார் தம் மகனையும் சுரங்கத்திற்கு அழைத்துச் செல்வார். ஒருமுறை, எழுந்து நின்று ஷேக்ஸ்பியரின் நாடகத்திலிருந்து ஒரு பகுதியை ஒப்புவிக்குமாறு பணித்தார். பாதி சொல்வதற்குள் சிறுவனுக்கு மூச்சு முட்டியது. கால்கள் துவண்டு தரையில் விழுந்தான். தரையருகே காற்று தூய்மையாக இருந்தமையால் உடனே தெளிவடைந்தான். சுரங்கத்தின் தீவாயு காற்றினும் இலேசானது, கூரையருகே தங்கும் என்னும் பாடத்தை அவன் பிறகு மறக்கவேயில்லை. இக்காலத்துப் பெற்றோர் எவரும் இவ்வாறு பாடம் நடத்த வேண்டா!

பதின்மூன்று வயதில், 1906-ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்துக் கடலில் தந்தையார் கடற்படைக்காக நடத்திய ஆய்வின்போது, முக்குளிப்போர் உடையணிந்து ஏறக்குறைய 40 அடி ஆழம் இறக்கப்பட்டான். பெரியவர்க்குத் தைத்த உடையாதலின் மணிக்கட்டு வழியே குளிர்நீர் புகுந்து உடலெங்கும் ஏறிற்று. அவ்வாய்வின் பயனாக 1908-இல் வெளிவந்த அட்டவணையே, ஆழத்திலிருந்து எவ்வளவு மெதுவாக, எங்கெங்கே நின்று நின்று மேலேற வேண்டும் என்பதை உலகிற்கு முதன்முதலாகக் கணக்கிட்டுக் காட்டியது. சார்சி புட்டியின் மூடியைச் சட்டெனத் திறந்தால் நுரை பொங்குகின்றதன்றோ? ஆழத்தில் அழுத்தத்தால் இரத்தத்திற் கரைந்த நைட்ரஜன், முக்குளிப்பவர் விரைந்து மேலேறினால் அவ்வாறே குமிழியாகப் பொங்கி மூட்டுகளை முடக்கும், உயிரையும் பறிக்கும்.

இங்கே நம் சிறுவயது அறியாமை ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். செராஸை அடுத்த பழைய ஈயலம்பக் குட்டையில், பப்பாளி இலைத்தண்டை வாயில் வைத்து மூழ்கிப் பார்த்தோம். ஒரு முழ ஆழம் வரை மூச்சு வந்தது. இரண்டு முழத்திற்குக் கீழே நெஞ்சு விரிய மறுத்தது. தண்டு அடைத்துவிட்டதென்றே எண்ணினோம். உண்மையில், நீர் நம் மார்பை நெருக்கியது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஆதலின், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஈடான காற்றை ஊட்டினாலன்றி ஆழத்தில் மூச்சுவிட இயலாது. (அக்குட்டைகளில் மூழ்கி மாண்ட பிள்ளைகள் உண்டு. எவரும் சோதித்துப் பார்க்க வேண்டா.)

அப்பணியைச் செய்வதே ரெகுலேட்டர் எனும் சீராக்கி. இன்றைய தோம்பொன்று 12 லிட்டர் கொள்ளளவுடையது எனக் கொள்வோம். அதனுள் காற்றை 200 மடங்கு நெருக்கி அடைப்பர். ஆக 2,400 லிட்டர் காற்று. அவ்வளவு வேகமான காற்றை நேரே வாயில் விட்டால் நுரையீரல் கிழிந்துவிடும். எனவே, தோம்பின் வால்வில் பொருத்திய முதற்படிச் சீராக்கி, அவ்வழுத்தத்தைச் சுற்றுநீரின் அழுத்தத்தினும் ஏறத்தாழ 10 வளிமண்டலம் மட்டுமே மிகுமாறு குறைக்கும். வாயிலுள்ள இரண்டாம் படியில் மெல்லிய ரப்பர்த் தகடொன்று உண்டு. நாம் மூச்சை இழுக்கும்போது அது உட்குழிந்து நெம்புகோலை அழுத்தும், வால்வு திறக்கும், காற்று வரும். இழுப்பதை நிறுத்தினால் சுருள்வில் வால்வை மூடிவிடும். விட்ட மூச்சு குமிழியாய் வெளியேறும். பால்வெட்டித் தழைத்த தோட்டத்தார் அத்தகடு ரப்பராயிருந்தது கேட்டு மகிழ்வராக! 1943-இல் பிரான்சில் எமில் கன்யான் என்னும் பொறியாளர், எரிவாயுவால் ஓடும் மோட்டார் வண்டிக்கென அமைத்த சீராக்கியையே இதற்கென மாற்றியமைத்தார். ஜாக் கூஸ்தோ அதனைக் கடலிற் பயன்படுத்திப் புகழ் பெற்றார்.

தோம்பில் எஞ்சிய காற்றைக் காட்டும் மானியினுள் வளைந்த உலோகக் குழாயொன்று இருக்கும். அழுத்தம் மிகுந்தால் அது நிமிர முயலும். அவ்வசைவு முள்ளைத் திருப்பும். ஒருவர் நிமிடத்திற்கு 20 லிட்டர் சுவாசித்தால் நீர்மட்டத்தில் 2 மணி நேரம் தோம்பு நீடிக்கும். 10 மீட்டர் ஆழத்தில் 1 மணி. 30 மீட்டரில் அரை மணியே. மானியை மறந்தவன் மாள்வான்.

கருவி காட்டிய பொய்யால் நேர்ந்த கொடுமையொன்று ஹால்டேன் வாழ்வையே திருப்பியது. 1939-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள், லிவர்பூல் விரிகுடாவில் தீட்டிஸ் என்னும் புதிய நீர்மூழ்கிக் கப்பல் சோதனை ஓட்டத்திற்குச் சென்றது. மாலுமிகளோடு கப்பற்கட்டுத் தொழிலாளரும் ஏறியதால் 103 பேர் நெருக்கடியாய் இருந்தனர். வெடிகுண்டுக் குழாயில் நீர் உள்ளதா என அறிய, அதன் கதவில் சிறு சோதனைக் குழாய் இருந்தது. அதன் நுண்துளையைப் பூச்சு வண்ணம் அடைத்திருந்தது. துளி நீரும் வாராமை கண்டு, உள்ளே நீரில்லையென நம்பிக் கதவைத் திறந்தனர். வெளிக்கதவும் திறந்திருந்தமையால் கடலே உட்புகுந்தது. நால்வர் மட்டுமே தப்பினர். 99 பேர் மாண்டனர்.

தொழிலாளர் சங்கத்தார் ஹால்டேனை நாடினர். அடைபட்டோர் ஏன் தப்ப இயலவில்லை என அறிய, அவர் தம் தோழர் நால்வருடன் இரும்புப் பேழையினுள் அடைபட்டு, கரியமிலவாயு பெருகப் பெருகத் தம் உடலையே சோதித்தார். தலைவலியும் குமட்டலும் பெருமூச்சும் அவரை வாட்டின. அவ்வாயு மிகுந்த காற்றை நெடுநேரம் சுவாசித்தோர், திடீரெனப் பிராணவாயுக் கருவியை அணிந்தால் வாந்தியெடுப்பர் என்பதையும் கண்டறிந்தார்.

பின்னர் இரண்டாம் உலகப் போரின்போது கடற்படைக்காக அப்பேழையில் பல ஆண்டுகள் ஆய்ந்தார். உயிர் காக்கும் பிராணவாயுவே மிகுந்த அழுத்தத்தில் நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும் என்பதனைத் தம்மேல் நிகழ்த்திக் காட்டினார். அத்தகைய வலிப்பொன்றில் அவர்தம் முதுகெலும்பு நசுங்கியது. அழுத்தத்தால் செவிப்பறை கிழிந்தமையால், புகைபிடிக்கும்போது காதின் வழியே புகை விட இயலுமென்று விளையாட்டாகச் சொல்லிக்கொள்வார். ஆய்வுக்குத் துணைநின்ற ஹெலன் ஸ்பர்வே பின்னாளில் அவர்தம் துணைவியார் ஆனார்.

மரபியலிலும் அன்னார் பெரும் புலவர். மலேரியா மிகுந்த நாடுகளில் தலசீமியா ஏன் பெருகியது என்பதற்கு 1949-இல் அவர் கூறிய விளக்கம், மலேரியாவால் மடிந்த தோட்ட மக்களின் வழிவந்த நமக்கு அந்நியமன்று. அதனை விரித்துரைக்க இம்மலரில் இடமில்லை.

1957-இல், சூயஸ் போரைக் கண்டித்துத் தாயகம் நீங்கி, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்தார். கதர் உடை அணிந்தார். புலால் உண்பதைக் கைவிட்டார். காலுறையைத் துறந்ததில் அவருக்கு அளவற்ற மகிழ்ச்சி. விலையுயர்ந்த கருவிகளின்றியே ஆராயலாம் என மாணவர்க்குக் காட்டினார். தென்னையின் மட்டைகள் சில மரங்களில் வலமாகவும் சிலவற்றில் இடமாகவும் சுழல்வதை எண்ணிப் பார்ப்பதும் அவர்தம் குழுவினர்க்கு ஆய்வாயிற்று. 1961-இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். மறு ஆண்டு ஒரிசாவின் புவனேசுவரத்தில் ஆய்வுக்கூடம் அமைத்தார்.

புற்றுநோய் கண்டு, 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் அங்கேயே மறைந்தார். அவர் விருப்பப்படி, உடல் எரிக்கப்படாமலும் புதைக்கப்படாமலும், மாணவர் பயில்வதற்கென ஆந்திர மாநிலம் காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டது.