ஆசிரியத் துறவி சுவாமி விபுலாநந்தர்

தோட்டப் பாடசாலைக்குப் புதிதாக ஓர் ஆசிரியர் வந்தால், இவர் எத்தனை நாள் நிற்பார் என்பதே பூனாகலை போன்ற மலைப்பிரதேசப் பெற்றோரின் முதற் கேள்வி. நல்ல சம்பளமும் வசதியும் வேறிடத்தில் இருக்க, ஒருவர் ஏன் ஆசிரியராகவே இருந்துவிடுகிறார் என்பதற்கு சுவாமி விபுலாநந்த அடிகளாரின் வாழ்க்கையில் விடை இருக்கின்றது.

1892ஆம் ஆண்டு மட்டக்களப்புக்குத் தெற்கே காரைதீவில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்குப் பிறந்தவர். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனம். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்து, பின் அங்கேயே படிப்பித்தார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. அந்தக் காலத்தில் இந்தப் படிப்புக்குப் பெரிய உத்தியோகமே கிடைத்திருக்கும். அவரோ யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்து, பின்பு மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபரானார்.

1922இல் அதையும் விட்டுச் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924 சித்திரா பௌர்ணமியில் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தரானார். வகுப்பறைக்கு இனி வரமாட்டார் என்றே எவரும் எண்ணியிருப்பர். ஆனால் 1925இல் ஊர் திரும்பிய துறவியிடம் மிஷன் ஒப்படைத்தது பாடசாலைகளைத்தான். 1929இல் கல்லடி உப்போடையில் தம் குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். ஏழைப் பிள்ளைகளும் அநாதைப் பிள்ளைகளும் தங்கிப் படிக்க விடுதிகளை நடத்துவதும் அவருடைய பணியாயிற்று. வீடு வாசல், சொத்து ஒன்றும் வேண்டாத துறவிக்கு அந்தப் பிள்ளைகளே குடும்பம். பிள்ளைகளுக்குச் செய்யும் சேவையை இறைவனுக்குச் செய்யும் பூசையாகக் கொண்டதால் அவருக்குச் சலிப்பு வரவில்லை.

ஓர் இடத்தில் நிலைத்திருந்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகி, இரண்டே ஆண்டில் அப்பதவியை விட்டார். அங்கிருந்த காலத்திலும் பல்கலைக்கழக வேலை முடிந்ததும் திருவேட்களத்துச் சேரிக்குப் போய் அப்பிள்ளைகளுக்குக் கற்பித்தார். பட்டதாரி மாணவருக்கும் சேரிக் குழந்தைக்கும் ஒருவரே ஆசிரியர்! 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். உடல்நலம் குன்றிய நிலையிலும் பல்லாண்டு ஆராய்ந்த யாழ்நூலை முடித்து, 1947 ஆனியில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேற்றினார்.

அடுத்த மாதம், யூலை 19இல், அடிகளார் இறைவனடி சேர்ந்தார். கல்லடி சிவானந்த வித்தியாலய வளவிலேயே, பிள்ளைகள் நடமாடும் இடத்தில், அவரது சமாதி இருக்கின்றது. இறைவனுக்கு உகந்த மலர் எதுவென்று அவர் பாடிய பாட்டை அதில் பொறித்திருக்கிறார்கள்.