தியான் சந்தின் மட்டையில் காந்தமா?

மனித சக்தி வழக்கமான எல்லையைக் கடந்து செல்லும்போது உலகம் அதை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. செய்தவனுக்கு வெளியே ஏதேனும் ஒரு காரணத்தைத் தேட ஆரம்பிக்கிறது. அவனிடம் அன்பு கொண்டவர்கள் தெய்வத்தின் அருள் என்கிறார்கள். அவனிடம் தோற்றவர்கள் சூது என்கிறார்கள். இரு சாராருமே அவன் பட்ட பாட்டைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

அமாவாசைதோறும் மேல்மலையனூர் அங்காளம்மன் சந்நிதிக்குச் செல்லும் ஜனத்திரளில் ஒரு பகுதி செஞ்சிக் கோட்டையைக் கண்டே செல்கிறது. அந்தக் கோட்டையைக் காணும் தமிழர் எவருக்கும் தேசிங்குராஜனின் நினைவு வராமற் போகாது. 1714-ம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் பெரும் படையை எதிர்த்து மாண்ட அந்த இளைஞனின் தீரம் சரித்திரம் அறிந்தது. ஆனால் ஜனங்களின் கதைப்பாடலுக்கு அந்தத் தீரம் மட்டும் போதவில்லை. தில்லியில் ஒருவராலும் அடக்க முடியாதிருந்த அற்புதக் குதிரை ஒன்றும், சிங்கவரம் ரங்கநாதரின் துணையும் அதற்கு வேண்டியிருந்தன. குதிரையேற்றத்தை அவன் எத்தனை நாள், எத்தனை முறை விழுந்து எழுந்து கற்றிருப்பான் என்பதைப் பாடலில் தேடவேண்டியிருக்கிறது.

தேசிங்கின் முன்னோர் வடநாட்டுப் புந்தேல்கண்டைச் சேர்ந்த ராஜபுத்திரர்கள். அந்தப் புந்தேல்கண்டின் முக்கிய நகரமான ஜான்ஸியில், இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, மற்றொரு ராஜபுத்திர இளைஞர் வளர்ந்தார். குதிரைக்குப் பதிலாக அவர் கையில் ஹாக்கி மட்டை இருந்தது. சொந்த நாட்டார் அவரை மாந்திரிகர் என்று போற்றினார்கள். அன்னிய நாட்டாரோ அவருடைய மட்டைக்குள் காந்தம் இருப்பதாகச் சந்தேகித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அவரே மேஜர் தியான் சந்த். இன்று உலகத்தின் சிறந்த ஓட்டக்காரர்களையும் பளுதூக்குவோரையும் ஊக்கமருந்துச் சந்தேகம் நிழல்போல் தொடர்ந்துவரும் காலத்தில், அவருடைய சரிதத்தை நினைவுகூர்வது பயனுள்ளதாகும்.

தியான் சந்த் 1905-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி அலகாபாத்தில் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சேவகம் புரிந்தவர். படை செல்லும் ஊருக்கெல்லாம் குடும்பமும் செல்லவேண்டியிருந்தபடியால் பிள்ளையின் படிப்பு பாதியில் நின்றது. இறுதியில் குடும்பம் ஜான்ஸியில் நிலைத்தது. பிறவியிலேயே கையில் மட்டையுடன் வந்தவர் அவர் என்று எண்ணுவோர் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பால்யத்தில் அவர் மனம் மல்யுத்தத்தில்தான் சென்றது. ராணுவத்தில் சேர்வதற்கு முன் குறிப்பிடத்தக்க விதத்தில் ஹாக்கி ஆடியதாக அவருக்கே ஞாபகம் இருந்ததில்லை.

1922-ல், பதினாறு வயதில், சாதாரணச் சிப்பாயாகப் பிராமண ரெஜிமெண்டில் சேர்ந்தார். அங்கே சுபேதார் மேஜர் பாலே திவாரி என்பவர் ஆட்டத்தின் அரிச்சுவடியை அவருக்குக் கற்பித்தார். பகல் முழுவதும் படைவேலை. ஓய்ந்த பின்னரே மைதானம். விளக்கு இல்லாத அக்காலத்தில் நிலவொளியிலும் அவர் பயின்றார் என்றும், சந்திரனைக் குறிக்கும் ‘சந்த்’ என்னும் பெயர் அதனாலேயே அவருக்கு வாய்த்தது என்றும் கூறுவர். பெயரின் காரணம் எப்படியாயினும், நான்கு ஆண்டுகளில் அந்தப் பயிற்சி பலன் தந்தது. 1926-ல் இந்திய ராணுவக் கோஷ்டி நியூஜீலாந்துக்குச் சென்றபோது அவரும் சென்றார். 21 ஆட்டங்களில் 18-ல் வெற்றி, இரண்டு சமம், ஒன்றில் மட்டும் தோல்வி. சிப்பாயாகக் கப்பலேறியவர், திரும்பியபின் லான்ஸ் நாயக்காக உயர்ந்தார்.

1928-ல் ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களில் இந்தியா முதன்முதலாக ஹாக்கியில் கலந்துகொண்டது. ஆஸ்திரியா, பெல்ஜியம், டென்மார்க், ஸ்விட்சர்லாந்து ஆகிய நாடுகளையும், இறுதி ஆட்டத்தில் ஹாலந்தையும் நம்மவர் வென்றனர். ஐந்து ஆட்டங்களில் இந்தியா போட்ட கோல்கள் 29. எதிரிகள் போட்டது ஒன்றுகூட இல்லை. அந்த 29-ல் 14 தியான் சந்தினுடையவை. 1932-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் அமெரிக்காவை நம்மவர் 24-க்கு 1 என்ற கணக்கில் வென்றபோது, தியான் சந்த் 8 கோல்களும், அவருடைய இளைய சகோதரர் ரூப் சிங் 10 கோல்களும் போட்டனர். 1935-ல் நியூஜீலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளுக்குச் சென்ற சுற்றுப்பயணத்தில் இந்தியக் கோஷ்டி ஆடிய 48 ஆட்டங்களிலும் வெற்றி பெற்றது. அவற்றுள் 43-ல் ஆடிய தியான் சந்த் ஒருவரே 201 கோல்கள் போட்டார்.

இத்தகைய கணக்குகளைக் கண்ட பிறநாட்டார் திகைத்ததில் வியப்பில்லை. ஹாலந்து நாட்டில் அதிகாரிகள் அவருடைய மட்டையை வாங்கி உடைத்து, உள்ளே காந்தம் உண்டா என்று பார்த்தார்கள் என ஒரு கதை வழங்குகிறது. ஜப்பானியர் மட்டையில் பசை தடவியிருப்பதாக ஐயுற்றனர் என்று மற்றொரு கதை வழங்குகிறது. இக்கதைகள் எந்த நாளில் எந்த மைதானத்தில் நடந்தவை என்று ஆராய்வதைவிட, இவற்றில் அடங்கிய சந்தேகத்தை எடைபோட்டுப் பார்ப்பதே முக்கியமாகும்.

அக்காலத்து ஹாக்கிப் பந்து, தக்கையும் நூலும் திணித்துத் தோலால் மூடித் தைத்தது. காந்தம் இரும்பை இழுக்குமேயன்றித் தோலையும் தக்கையையும் இழுக்காது. பசையோ பந்தைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் கோலை நோக்கி விடவேண்டிய தருணத்தில் அதை விடாது. மேலும், 1936-ம் வருஷம் ஜூலை 17-ந் தேதி பெர்லினில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மானியர் நமது கோஷ்டியை 4-க்கு 1 என்று தோற்கடித்தனர். காந்தம் ஒன்று இருந்திருந்தால் அன்று அது எங்கே போயிற்று? அமெரிக்காவுக்கு எதிராக ரூப் சிங் தமையனாரையும் மிஞ்சினாரே, அவர் மட்டையிலும் ஒரு காந்தமா? சற்று நிதானித்து யோசிப்பவருக்குச் சந்தேகம் அங்கேயே கரைந்துபோகும். பந்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு வித்தை காட்டாமல், தக்க இடத்தில் நிற்கும் தோழனுக்குத் தக்க சமயத்தில் தள்ளிவிடுவதே தியான் சந்தின் பெரிய திறமை என்று ஆட்டம் அறிந்தவர்கள் கருதினார்கள். அந்தத் திறமை கண்ணிலும் கருத்திலும் இருந்தது. மட்டையை உடைத்துப் பார்த்தால் அது எப்படி அகப்படும்?

பயிற்சி ஆட்டத்தில் பெற்ற தோல்வி கோஷ்டியை உலுக்கியது. அதன் தலைவர் தியான் சந்த். தாரா என்னும் ஆட்டக்காரரை அவசரமாக இந்தியாவிலிருந்து விமானத்தில் வரவழைத்தனர். மழையால் ஒரு நாள் தள்ளிப்போன இறுதி ஆட்டம் ஆகஸ்டு 15-ந் தேதி நடந்தது. ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் உதவி மானேஜர் பங்கஜ் குப்தா காங்கிரஸின் மூவர்ணக் கொடியை எடுத்துக் காட்ட, அதற்கு வணக்கம் செலுத்திவிட்டே வீரர்கள் மைதானத்தில் இறங்கினர். அவர்கள் அணிந்திருந்த சின்னம் பிரிட்டிஷ் இந்தியாவினுடையது. அவர்கள் நெஞ்சில் இருந்தது வேறு கொடி. பாதி ஆட்டத்தில் இந்தியா ஒரே ஒரு கோல்தான் முன்னே நின்றது. முடிவில் கணக்கு 8-க்கு 1. அதே தேதியில் பதினோராண்டுகள் கழித்துத் தேசம் விடுதலை பெறும் என்பதை அன்று அந்த மைதானத்தில் ஒருவரும் அறிந்திருக்கமாட்டார். இம்மூன்று ஒலிம்பிக் பந்தயங்களிலும் பிரிட்டன் ஹாக்கிக் கோஷ்டியை அனுப்பவே இல்லை என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

தியான் சந்த் 42-வது வயதிலும் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுப்பயணத்தில் ஆடினார். அவருடைய சுயசரிதை 1952-ல் நமது சென்னையிலிருந்தே நூலாக வெளியாயிற்று. 1956-ல் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் கிடைத்தது. பின்னர் பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தில் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய புதல்வர் அசோக் குமார் 1975-ல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையின் வெற்றிக் கோலைப் போட்டார். கடைசி நாட்களில் பணமுடையும் நோயும் அவரை வாட்டின. 1979-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி டில்லி ஆஸ்பத்திரியில் காலமானார். மட்டையில் காந்தம் தேடிய உலகம் அவருடைய பெட்டியைச் சோதித்திருந்தால், அதில் செல்வமும் இல்லை என்பதைக் கண்டிருக்கும். இன்று அவர் பிறந்த நாளே தேசிய விளையாட்டு தினம். நாட்டின் உயர்ந்த விளையாட்டு விருது 2021 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி, இக்காலத்துச் சந்தேகத்தைப் பார்ப்போம். தியான் சந்தின் மீது எழுந்த ஐயம் வேடிக்கையாக முடிந்தது. மருந்து பற்றிய ஐயமோ அப்படிச் சிரித்துத் தள்ளக்கூடியதன்று. அது பல தடவை உண்மையாகியிருக்கிறது. 1904-ல் செயிண்ட் லூயி நகரில் நடந்த மாரத்தான் ஓட்டத்தில் தாமஸ் ஹிக்ஸ் என்பவருக்கு, வழியில் பிராந்தியும், எட்டிக்கொட்டையிலிருந்து எடுக்கும் ஸ்ட்ரிக்னின் என்னும் விஷமும் கொடுத்து ஓட வைத்தார்கள். அவரே வெற்றியும் பெற்றார். அன்று அதைத் தடுக்கும் விதி இல்லை. தியான் சந்த் ஆம்ஸ்டர்டாமில் புகழ்பெற்ற அதே 1928-ல்தான் சர்வதேச ஓட்டப்பந்தயச் சம்மேளனம் ஊக்கமருந்தை முதன்முதலாகத் தடைசெய்தது. ஆனால் விதி வந்ததேயன்றிச் சோதனை வரவில்லை. ஒலிம்பிக் பந்தயங்களில் சோதனை 1968-ல்தான் தொடங்கியது.

1988-ல் சியோல் நகரில் 100 மீட்டர் ஓட்டத்தில் முதலில் வந்த கனடா தேசத்துப் பென் ஜான்சனிடம் ஸ்டானோஸோலால் என்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்டு, அவர் பதக்கம் பறிக்கப்பட்டது. அதே பந்தயங்களில் ஜொலித்த அமெரிக்கப் பெண்மணி புளோரன்ஸ் கிரிபித் ஜாய்னரோ ஒரு சோதனையிலும் தவறியதில்லை. ஆயினும் 1998-ல் தமது 38-வது வயதில் அவர் மறைந்த பின்னரும் சந்தேகம் அவரை விடவில்லை. ஒருவர் செய்த குற்றத்தின் கறை குற்றம் நிரூபிக்கப்படாத மற்றவர் மீதும் படிகிறது. மருந்து உண்பவன் பதக்கத்தை மட்டும் திருடுவதில்லை. நேர்மையாக உழைத்தவன் பெறவேண்டிய நம்பிக்கையையும் சேர்த்துத் திருடுகிறான்.

ஆகவே சோதனையை அவமதிப்பாக எண்ணுதல் தவறு. மட்டையை உடைத்தவர்களுக்கு உடைந்த மரத்தைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. இக்காலச் சோதனையில் வீரரின் சிறுநீர் இரண்டு புட்டிகளில் முத்திரையிடப்படுகிறது. முதற்புட்டியில் குற்றம் கண்டால், இரண்டாம் புட்டியைத் தம் முன்னிலையில் திறக்கும்படி கோர வீரருக்கு உரிமை உண்டு. பத்தாண்டுகள் வரை மாதிரியைப் பாதுகாத்து, புதிய முறைகளால் மீண்டும் ஆராயவும் விதி இடமளிக்கிறது. குற்றவாளியைப் பிடிக்கும் இதே ஏற்பாடுதான் நிரபராதிக்கு வீண்பழிக்கு எதிராகக் கிடைக்கும் சாட்சியமும் ஆகும்.

இவ்விஷயத்தில் நமது தேசம் தலைநிமிர்ந்து நிற்க முடியவில்லை என்பதையும் மறைக்கலாகாது. 2023-ல் இந்தியாவில் எடுத்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகளில் நூற்றுக்கு 3.8 வீதம் தடைசெய்யப்பட்ட மருந்து காணப்பட்டது. பெரிய அளவில் சோதனை நடத்தும் நாடுகளுள் இது மிக உயர்ந்த வீதமாகும். 2022-ல் பார்லிமெண்டு இதற்கெனச் சட்டமும் இயற்றியிருக்கிறது. சட்டம் தண்டிக்கலாம், ஆனால் ஊசியை நீட்டும் பயிற்சியாளனின் கையைப் பிடித்து நிறுத்த, கிராமத்து மைதானத்திலேயே ஆசிரியரும் பெற்றோரும் விழிப்பாயிருக்க வேண்டும். உத்தியோகம் ஒன்று கிடைக்க ஒரு பதக்கம் போதும் என்ற நிலையில் ஏழைப்பிள்ளை எதையும் விழுங்கத் துணிவான் என்பதை அதிகாரிகளும் உணரவேண்டும்.

தியான் சந்தின் கதையைச் சொல்லும்போது, அன்னியர் மட்டையை உடைத்ததையே சொல்லிச் சொல்லிப் பெருமை கொள்கிறோம். அது பாதிக்கதைதான். ஆறாண்டுப் படிப்போடு ராணுவத்தில் சேர்ந்து, ஆட்டம் தெரியாமல் நின்று, படைவேலை ஓய்ந்த பின் மைதானத்தில் வியர்வை சிந்திய சிப்பாய்ப் பையனையே நமது பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும். அவனிடம் மந்திரமும் இல்லை, காந்தமும் இல்லை என்று அவர்கள் அறிந்தால், புட்டியில் அடைத்த பலத்தைத் தேடி அவர்கள் செல்லமாட்டார்கள்.