ஆயிரம் குரல் படைத்த மெல் பிளாங்க்

திரையில் முயல் ஒன்று கேரட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. எதிரே துப்பாக்கியுடன் வேட்டைக்காரன் நிற்கிறான். முயலோ அஞ்சி ஓடவில்லை. நெடுநாள் பழகிய அண்டை வீட்டாரிடம் நலம் உசாவுவதுபோல் அவனிடமே பேச்சுக் கொடுக்கிறது. காணும் சிறுவர் விழுந்து விழுந்து சிரிக்கின்றனர். பக்ஸ் பன்னி என்னும் அம்முயலை வரைந்த கைகள் பல. ஆயினும் அதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் குரல் கொடுத்தவர் ஒருவரே. முகம் காட்டாமலே உலகைச் சிரிக்க வைத்த அவர் மெல் பிளாங்க் ஆவார்.

பிறப்பும் இளமையும்

மெல் பிளாங்க் அமெரிக்க நாட்டின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1908ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பிறந்தார். ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் வளர்ந்தார். பிற நாடுகளிலிருந்து வந்து குடியேறியோர் தத்தம் தாய்மொழியின் சாயலோடு ஆங்கிலம் பேசுவதைச் சிறுவயதிலேயே அவர் கூர்ந்து கேட்டார். கேட்டதை அவ்வாறே பேசிக் காட்டித் தோழரை மகிழ்வித்தார். பள்ளியின் நீண்ட நடைவழியில் ஓடிக்கொண்டே உரக்கச் சிரித்து, அதன் எதிரொலியைக் கேட்டு இன்புறுவதும் அவர் வழக்கம். பிற்காலத்தில் வுடி வுட்பெக்கர் என்னும் மரங்கொத்திக்கு அவர் அளித்த சிரிப்பு அந்நடைவழியில் பிறந்ததே.

ஆசிரியர் ஒருவருக்கு இக்குறும்பு பிடிக்கவில்லை. பிளாங்க் என்னும் அவருடைய குடும்பப் பெயருக்கு ஆங்கிலத்தில் வெறுமை என்று பொருள். பெயரைப் போலவே அவர் வாழ்வும் ஒன்றுமில்லாததாகவே முடியும் என்று அந்த ஆசிரியர் இகழ்ந்தார். அச்சொல் சிறுவரின் நெஞ்சில் தைத்தது. பின்னர் அவர் தம் பெயரின் இறுதி எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டார். ஒலி ஏறத்தாழ அதுவே. ஆனால் வெறுமை என்னும் பொருள் நீங்கிவிட்டது.

வாய்ப்பைத் தேடி

1927இல் போர்ட்லாந்து வானொலியில் மெல் பிளாங்க் அடியெடுத்து வைத்தார். 1933இல் எஸ்டெல் என்பவரை மணந்தார். அக்காலத்தில் அவர் நடத்திய வானொலி நிகழ்ச்சிக்குப் பிற நடிகரை அமர்த்தப் பணம் இல்லை. எனவே பல பாத்திரங்களுக்கும் அவரே குரலை மாற்றி மாற்றிப் பேசினார். வறுமையே அவருக்குப் பயிற்சிக்களம் ஆயிற்று.

பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குச் சென்றார். கார்ட்டூன் படங்களைத் தயாரித்த லியோன் ஷ்லெசிங்கரின் நிறுவனத்தை நாடினார். புதிய குரல் எதுவும் தேவையில்லை என்ற விடையே கிடைத்தது. அவர் சோர்வுறாமல் மீண்டும் மீண்டும் அக்கதவைத் தட்டினார். இறுதியில் கிடைத்தது, குடித்துத் தள்ளாடும் காளை ஒன்றின் வேடம். அதனை அவர் பேசிய திறத்தால் 1937இல் போர்க்கி என்னும் பன்றிக்குட்டிக்கும் அவரே குரல் ஆனார்.

குரலுக்குள் ஒரு குணம்

மெல் பிளாங்க் வெறும் ஒலிகளைப் படைக்கவில்லை. ஒவ்வொரு குரலுக்குள்ளும் ஒரு குணத்தை வைத்தார். போர்க்கி கடினமான சொல்லில் திக்கித் தடுமாறும். இறுதியில் அதனை விட்டுவிட்டு எளிய சொல் ஒன்றால் கருத்தை முடித்துவிடும். அதன் தடுமாற்றத்தைக் காட்டிலும், விடாமல் பேசி முடிக்கும் அதன் உறுதியே நம்மை ஈர்க்கிறது. டாஃபி என்னும் வாத்துக்குத் தானே முதல்வன் என்ற எண்ணம். எச்சில் தெறிக்கப் பேசித் தோற்றுப்போகும். ட்வீட்டி என்னும் சிறு பறவையின் குரலைப் பதிவு செய்து, பின் விரைவாக ஓட்டி மழலையாக்கினர். அப்பறவையும் சில்வெஸ்டர் என்னும் பூனையும் முதன்முதலாக இணைந்த படம் 1947இல் வெளிவந்து ஆஸ்கர் விருது பெற்றது.

1940இல் பக்ஸ் பன்னிக்கு, நியூயார்க் நகரத் தெருக்களில் வளர்ந்த இளைஞனின் துணிச்சலான பேச்சை அளித்தார். கேரட்டைக் கடிக்கும் ஒலிக்கு வேறு எதுவும் ஈடாகவில்லை. ஆதலின் ஒலிப்பதிவின்போது உண்மையான கேரட்டையே கடிப்பார். உடனே வசனம் பேச வேண்டியிருந்ததால், விழுங்காமல் உமிழ்ந்துவிடுவார்.

திரையில் ஒரு பெயர்

அந்நாளில் கார்ட்டூன் படங்களில் குரல் கொடுப்போரின் பெயரைத் திரையில் காட்டும் வழக்கம் இல்லை. ஒருமுறை மெல் பிளாங்க் ஊதிய உயர்வு கேட்டார், தயாரிப்பாளர் மறுத்தார். அவ்வாறாயின் தம் பெயரையேனும் திரையில் காட்டுமாறு வேண்டினார். அதற்குச் செலவு இல்லையாதலால் தயாரிப்பாளர் இசைந்தார். வெறுமை என்று இகழப்பட்ட பெயர் திரையில் ஒளிர்ந்தது. வானொலி வாய்ப்புகளும் பெருகின.

எனினும் இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. வேட்டைக்காரன் எல்மர் ஃபட்டுக்குக் குரல் கொடுத்தவர் ஆர்தர் கியூ. பிரையன். அவர் பெயர் அப்படங்களில் இடம்பெறாமையால், எல்லாக் குரல்களும் மெல் பிளாங்குடையவையே என்று பலர் எண்ணினர். உழைத்த அனைவருடைய பெயரும் அறியப்பட வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

மீண்டு வந்த குரல்

1961ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் சாலை வளைவு ஒன்றில் அவருடைய மகிழுந்தின்மீது எதிரே வந்த மகிழுந்து மோதியது. எலும்புகள் பல முறிந்தன. ஏறத்தாழ இரண்டு வாரங்கள் அவர் நினைவின்றிக் கிடந்தார். மனைவியும் மகன் நோயலும் அழைத்தும் மறுமொழி இல்லை. மருத்துவர் ஒருவர் அவரை அவர் பெயரால் அழைக்காமல், பக்ஸ் பன்னியை அழைப்பதுபோல் நலம் உசாவினார். மெலிந்த குரலில் விடை வந்தது. அது அம்முயலின் குரல்! தம் பெயருக்குச் செவிசாயாதவர் தாம் படைத்த பாத்திரத்தின் பெயருக்கு விழித்துக்கொண்டார்.

வீடு திரும்பியபின்னும் உடல் முழுதும் மாவுக்கட்டுடன் படுக்கையிலேயே இருந்தார். ஒலிப்பதிவுக் கருவிகள் அவர் கட்டிலருகே கொண்டுவரப்பட்டன. அசைய இயலாத நிலையிலும், ஃபிளிண்ட்ஸ்டோன்ஸ் தொடரின் பார்னிக்காகச் சிரித்துப் பேசினார். கேட்டவர்களுக்கு அக்குரலில் வலி தெரியவில்லை.

நிறைவு

மெல் பிளாங்க் 1989ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் தம் 81ஆம் அகவையில் மறைந்தார். கார்ட்டூன் படங்களின் முடிவில் போர்க்கி சொல்லும் விடைமொழி அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது. அங்கே அவர் பெயரும் இருக்கிறது. அப்பெயரை வெறுமை என்று இனி எவரும் சொல்லார்.

சொற்பொருள்

உசாவுதல் – வினவுதல்
அகவை – வயது
இசைந்தார் – உடன்பட்டார்
மழலை – குழந்தையின் இளஞ்சொல்

பயிற்சி

1. மெல் பிளாங்க் தம் பெயரின் எழுத்தை ஏன் மாற்றினார்?
2. வறுமை அவருக்குப் பயிற்சிக்களம் ஆனது எவ்வாறு?
3. ஊதிய உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் எதனை வேண்டினார்? அதனால் விளைந்த பயன் யாது?
4. உங்கள் தெருவில் கேட்கும் பலவகைப் பேச்சொலிகளைக் குறித்து ஐந்து வரிகள் எழுதுக.